கடல்சாமந்திக்கு ஒன்பது பானைப் பொங்கல்

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகள் வரிசைகட்டி நிற்கிற தெருவுக்குப் பின்னால், ஒன்பது வீடும், ஒரு அடிகுழாயும், ஒரு வேப்பமரமும், அந்த மரத்தடியில் மூன்று செங்கலாக உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மனும் கொண்ட வளவு ஒன்று இருந்தது. அந்த வளவின் கடைசி வீட்டில் கடல் இருந்தது.

கடல் என்றதும் அலையடிக்கிறது, கப்பல் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருந்தது அசல் கடல். குடிதண்ணீர் வருகிற நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொள்கிற ஊரில், கேன் தண்ணீரை விலைக்கு வாங்கி, அதில் பொட்டலம் பொட்டலமாகக் கடலுப்பைக் கரைத்து, கரைந்தது போதுமா என்று குழாய்க் கருவி வைத்துப் பார்த்து, ஆவியாகிப் போனதற்கு மட்டும் தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு பெண்பிள்ளை தனியாளாக அந்தக் கடலைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். குலசாமி பெயராக வெயிலுகந்தாள் என்று வைத்திருந்தார்கள், கூப்பிடுவது வெயிலு. வயது நாற்பத்திரண்டு, ஒண்டிக்கட்டை, பிரிட்ஜ் மெக்கானிக். மதுரையில் ஒரு டாக்டர் வெளிநாடு போகிற அவசரத்தில், ஏசி கழற்றப் போன இவளிடம், "எடுத்துக்கிட்டுப் போம்மா, உன்கிட்டத்தான் இது பிழைக்கும்" என்று தூக்கிக் கொடுத்த தொட்டி அது.

உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக ரெண்டு கோமாளி மீன்கள். கல்மேல் சட்டைப் பொத்தான் அளவில் பூத்த பவளங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் கடல்சாமந்தி. பெயர்தான் சாமந்தி, தலையில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. அது வாயும் வயிறும் உள்ள உயிர். நூறு விரலையும் விரித்துத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருக்கும், அந்த விரல்களுக்குள்தான் மீன்கள் ரெண்டும் குடித்தனம் நடத்தும். தண்ணீர் இருபத்தாறு, இருபத்தேழு டிகிரியில் நின்றால் சாமந்திக்குச் சந்தோஷம். இருபத்தொன்பதில் முகம் கோணும், முப்பதில் சுருங்கும், முப்பத்திரண்டு அரை நாள் நீடித்தால் கஞ்சியாகக் கரைந்து, தானும் செத்து, தொட்டியையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மே மாதத்தில் கூரையே பழுக்கிற ஊரில் இப்படி ஒரு சீமாட்டியை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? ஆனால் வெயிலுவுக்கு அந்தச் சாமந்தி என்றால் உயிர். வேலை முடிந்து வந்து கைகாலில் கிரீஸ் போகக் கழுவிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தால், பகல் முழுக்கப் பேசாமல் வைத்திருந்த பேச்செல்லாம் அதனிடம்தான் போகும்.

ஏனென்றால் வளவில் அவள் பேசுவது குறைவு. குடிவந்து மூன்று வருஷம் ஆகியும் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டு ஒரு வாசலில் நின்றதில்லை. அந்த வளவிலோ இரவல் வாங்குவதுதான் பேச்சே. முதல் வீட்டு ராசகனி மதினிக்குப் புளி இருந்தாலும் புளி கேட்டுக்கொண்டுதான் நாலாவது வீட்டுக்குப் போவாள். போனால்தானே அந்த வீட்டுச் சங்கதி தெரியும். வெயிலுவிடம் யாராவது, "ஏதும் வேணுமா தாயி?" என்று கேட்டால், "இருக்குங்க மதினி, பரவால்லங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். பங்குனிப் பொங்கலுக்கு வரிப்பணம் கொடுப்பாள், பானை வைக்க மாட்டாள். ஒத்தை ஆளுக்கு ஒரு பானைப் பொங்கல் எதற்கு என்பது அவள் நினைப்பு. கொழுப்பு என்பது வளவின் நினைப்பு.

தொட்டியைக் குளிர வைக்க, கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்ட வாட்டர் கூலரை எடுத்து வந்து, கம்ப்ரசரைப் பிரித்துச் சேர்த்து, அவளே ஒரு குளிர்பெட்டி செய்திருந்தாள். தண்ணீர் ஒரு குழாயில் பெட்டிக்குள் போய் இன்னொரு குழாயில் குளிர்ந்து திரும்பும். நல்ல வேலைப்பாடு. ஆனால் குளிர்ச்சியை எந்த மெக்கானிக்காலும் உண்டாக்க முடியாது, சூட்டை இடம் மாற்றத்தான் முடியும். தண்ணீரிலிருந்து பிடுங்கிய சூட்டைப் பெட்டி பின்பக்கமாக அறைக்குள் துப்பும், அறை சூடேறித் தொட்டியைச் சூடாக்கும், தொட்டி சூடேறினதும் பெட்டி மறுபடி ஓடிப் பிடுங்கித் துப்பும். இப்படி நாய் தன் வாலைத் துரத்துகிற கதையாக ராப்பகல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், பதினோரு நாள் சூரியனைக் காணோம். ராசகனி மதினி ஆட்டி வைத்த இட்லி மாவு ரெண்டு நாளாகப் பொங்கவே இல்லை. கையில் மூடிபோட்ட தூக்குவாளியோடு வெயிலு வாசலில் வந்து நின்றாள்.

"ஏ வெயிலு, உன் பெட்டி சும்மா கிடந்து சூட்டைத் துப்புதே, எனக்கு ஒரு வாளி கொடேன். மாவு கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

மதினிக்குக் கிண்டல் அதிகம் என்று வெயிலுவுக்குத் தெரியும். அவளும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கி, பெட்டியின் பின்வாயில் ஒரு நிமிஷம் பிடித்து, மூடியை அழுத்திப் பூட்டிக் கொடுத்தாள். மதினி வீட்டுக்குப் போய் மாவுப் பானைக்குப் பக்கத்தில் வாளியைத் திறந்து கவிழ்த்தாள். சூடு பாயசம் மாதிரி நிதானமாக வழிந்து இறங்கிப் பானையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு மணி நேரத்தில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. மதினி வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலாவது வீட்டுக்குப் போய், "வெயிலு வீட்டுல சூடு கொடுக்கா. நல்ல சூடு" என்று சொன்னாள். நாலாவது வீட்டுக்காரி, "தூக்குவாளியிலயா, போணியிலயா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு என்ன, எட்டு வீடும் வரிசை. அப்பளக் கம்பெனி வைத்திருக்கிற தவமணி அண்ணாச்சி, வளவுக்குப் பெரிய மனுஷன், அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர், அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரெண்டு குடத்தோடு வந்து நின்றார். ஈர அப்பளம் முன்னூறு கட்டு அவர் வீட்டுக்குள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் காய்ந்த அப்பளம் எண்ணெயில் போட்டதும் அலை மாதிரி எழும்பிற்று, ருசியில் லேசாக ஓர் உப்பு, உப்புக் குறைத்துப் போடுங்கள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். இஸ்திரி போடுகிற பெரியாண்டி கரி வாங்குவதை நிறுத்திவிட்டு, பெட்டி நிறையக் கடல்சூட்டை அடைத்துத் தேய்த்தான். அவன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போன தாலுகா ஆபீஸ் ஆட்கள் மத்தியானம் ஆனதும் காரணம் தெரியாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினார்கள். ஆறாவது வீட்டுப் பச்சைக் குழந்தை அந்தச் சூட்டில் குளிக்க வைத்த நாளிலிருந்து அழுகையை விட்டுவிட்டு வாயைக் குமிழ் குமிழாகத் திறந்து மூடிச் சிரித்தது. மூட்டுவலிக்கு ஒரு சொம்பு, ஈரச் சீருடைக்கு ஒரு வாளி, வேண்டாத விருந்தாளி உட்காருகிற நாற்காலிக்கு அடியில் ஒரு கிண்ணம் என்று சூடு வளவு முழுக்கப் புழங்கிற்று.

சூட்டுக்கு ஒரு குணம் இருந்தது, அதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். தேவை இருந்து கேட்டு வாங்குகிற ஆளிடம்தான் அது தங்கும். ஒருநாள் பெரியாண்டி கால் இடறி ஒரு குடம் சூட்டை முற்றத்தில் கொட்டிவிட்டான். அது கேட்பாரில்லாமல் கொஞ்ச நேரம் அடிகுழாயைச் சுற்றி வந்துவிட்டு, வெயிலு வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் பெட்டிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

வெயிலுவுக்கோ அது பொற்காலம். எல்லாரும் வாங்க வாங்க அறை குளிர்ந்தது, தொட்டி இருபத்தாறில் ஆணி அடித்த மாதிரி நின்றது, சாமந்தி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தது. எட்டு வீட்டு ஆட்களும் சூடு வாங்க வந்த சாக்கில் தொட்டி முன்னால் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் பார்த்தார்கள். பார்த்தது தப்பில்லை. பார்த்துவிட்டு ராசகனி மதினி ஒரு முடிவுக்கு வந்தாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

"பாவம், அந்தப் பூவு நடுங்குதுடி" என்று மதினி அடிகுழாயடியில் சொன்னாள். "ராத்திரி பகலா நடுங்கிக்கிட்டே இருக்கு. நம்ம மாவு பொங்கணும், நம்ம துணி காயணும்னு அது சூட்டையெல்லாம் நம்ம உறிஞ்சிட்டு வந்துட்டோம். வெயிலு வாயைத் திறந்து சொல்லுவாளா? அவதான் பரவால்லங்க பரவால்லங்கன்னே சாகுற பிள்ளையாச்சே."

வளவே உச்சுக் கொட்டிற்று. அடுத்துப் பங்குனி வருகிறது, காப்புக் கட்டு வருகிறது. அந்த வளவு அம்மனுக்கு ஒரே நாள் திருவிழா: காலையில் ஒன்பது மணிக்குக் காப்பு, அந்தி ஆறரைக்குப் பொங்கல். காப்புக் கட்டுவதற்கு முன்னால் இரவல் வாங்கின அத்தனையும் உரியவர் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கட்டின பிறகு அம்மன் பானை பொங்கி வழிகிறவரை ஒரு குண்டூசிகூடக் கைமாறக் கூடாது, கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அதோடு இன்னொன்று. தலைதட்டி வாங்கினதைக் கோபுரமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் அந்த வளவில் மரியாதை. சீனி ஆனாலும் சரி, சூடு ஆனாலும் சரி.

ஆகவே மாசி பிறந்ததிலிருந்து எட்டு வீடும் ரகசியமாகச் சூடு சேர்த்தது. ராசகனி மதினி மொட்டைமாடித் தளத்து உச்சிவெயிலை முறத்தில் கூட்டி அள்ளினாள். தவமணி அண்ணாச்சி அப்பளம் காய்கிற தகரக் கூரையிலிருந்து வழித்தெடுத்தார். பெரியாண்டி இஸ்திரிப் பெட்டியின் அடிச்சூட்டை மிச்சம் பிடித்தான். நாலாவது வீட்டுக்காரர் மூட்டை சுமக்கிற மிளகாய்க் கிட்டங்கியிலிருந்து ஒரு டின் நிறையக் கொண்டுவந்தார். அதைத் திறந்தால் தும்மல் வரும். எல்லாரும் வாளியிலும் குடத்திலும் அமுக்கி அமுக்கி அடைத்து, மேலே கோபுரமாகக் குவித்து, கவிழ்ந்துவிடாமல் துணிபோட்டுக் கட்டி வைத்தார்கள்.

காப்பு நாளன்று விடிவதற்குள் வெயிலுவுக்கு ஐஸ்கிரீம் கடையிலிருந்து போன், பெரிய பிரீசர் நின்றுவிட்டது என்று. அவள் ஸ்பேனர் பையோடு கிளம்பிப் போனாள். சாவி வழக்கம்போல நிலைப்படி மேல். எட்டு வீடும் குளித்து முழுகி மஞ்சள் சேலையும் வெள்ளை வேட்டியுமாக வரிசையில் போய், எடுத்த இடத்திலேயே வைப்பதுதானே முறை என்று, பெட்டியின் பின்வாயைத் திறந்து, அத்தனை சூட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே கவிழ்த்து, கையால் தள்ளி மூடி, பெட்டிக்குக் குங்குமமும் வைத்துவிட்டு வந்தார்கள்.

வெயிலு திரும்பி வரும்போது மணி பத்தரை. தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு புள்ளி நாலு காட்டிற்று.

கம்ப்ரசர் மூச்சு முட்டி நின்றிருந்தது. மீன்கள் ரெண்டும் தண்ணீருக்கு மேலே வாயை வைத்துக் காற்றுக் குடித்தன. கடல்சாமந்தி ஒரு முஷ்டி அளவுக்குச் சுருங்கி, வெளிறி, கல்லைப் பிடித்திருந்த அடிப்பாதம் பாதி விட்டுத் தொங்கிற்று. வெயிலு விளக்கை அணைத்தாள். மின்விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பினாள். தன் வீட்டுப் பிரிட்ஜில் இருந்த ஐஸ் பாட்டில்களை மிதக்க விட்டாள். பெட்டிக்குள்ளிருந்து கசிந்த வெக்கையில் பாட்டில் வெந்நீராயிற்று. முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"யாரு? பெட்டியில கை வச்சது யாரு?"

ராசகனி மதினி முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தாள். "நாங்கதான் தாயி. வாங்கினதையெல்லாம் திருப்பிட்டோம். கோபுரமா!"

மூன்று வருஷமாகப் பரவால்லங்க தவிர வேறொன்றும் சொல்லாத வாயிலிருந்து அன்றைக்கு வந்தது பாருங்கள், வேப்பமரத்துக் காக்கை எழுந்து பறந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீக? அது நடுங்கலை மதினி, அது ஆடுது! தண்ணியில நல்லா இருந்தா அப்படித்தான் ஆடும்! இப்பப் போய்ப் பாருங்க, ஆட்டம் நின்னுபோச்சு. செத்துக்கிட்டு இருக்கு."

சொல்லிவிட்டு அடிகுழாய்த் திட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மதினியின் சிரித்த முகம் சிரித்தபடியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்லச் செத்தது.

"வந்து எடுத்துக்கிடுங்க" என்றாள் வெயிலு. "ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கிடுங்க. வெளியே கொட்டினா திரும்பி வந்துரும். யாராவது கேளுங்களேன்!"

நாலைந்து கைகள் நீண்டன. நீண்ட கைகள் எல்லாவற்றிலும் மஞ்சள் காப்பு இருந்தது. கைகள் அப்படியே நின்றன.

தவமணி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "காப்புக் கட்டியாச்சே தாயி. அம்மன் பானை பொங்கி வழியாம ஒண்ணும் கைமாறக் கூடாது. ஆறரைக்குப் பொங்கல். ஆறு முப்பத்தொண்ணுக்கு நானே முதல் குடத்தோட வந்து நிக்கேன்."

"ஆறரைக்கு அங்க ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி."

அண்ணாச்சி பொல்லாத மனுஷன் இல்லை. கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அவர் அப்பா கட்டின காப்பு, தாத்தா கட்டின காப்பு, அதை அவர் எந்தக் கையால் அவிழ்ப்பார்?

அப்போதுதான் ராசகனி மதினிக்குச் சாமி வந்தது.

வருஷா வருஷம் அவளுக்குத்தான் வரும். ஆனால் அந்தியில், கொட்டும் உடுக்கையும் சேர்ந்து அடித்தால்தான் வரும். அன்றைக்குக் கொட்டுக்காரன் ஊருக்குள் வந்தே சேரவில்லை. பட்டப்பகலில், ஒரு சத்தமும் இல்லாமல், மதினியின் கொண்டை அவிழ்ந்தது. உடம்பு குலுங்கிற்று. நாக்கைத் துருத்திக்கொண்டு அம்மன் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குதுடா!"

அண்ணாச்சி பதறிப் போய்க் கைகூப்பினார். "ஆத்தா, இன்னும் அந்தி சாயலையே. வழக்கம்னு ஒண்ணு…"

"வழக்கம் எனக்கா உனக்கா? வருசம் பூரா வெயில்ல உக்காந்திருக்கேன், ஒரு நாள் குடை பிடிச்சியா? பசிச்ச வயித்துக்கு ஆறரை மணி என்னடா, ஏழு மணி என்னடா? வையி பானையை! விறகு வேண்டாம். எனக்குக் கடைசி வீட்டுச் சூடு வேணும். மனுசப் பயலுக கேக்கக் கூடாது, சரி. நான் கேக்கேன். கொடு!"

வந்தது சாமியா, மதினியின் மனசாட்சியா என்று கேட்கிற ஆள் அந்த வளவில் கிடையாது. ரெண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கக் கூடாது என்று யார் சொன்னது? அண்ணாச்சி முகத்தில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, "ஆத்தா கேட்டுட்டா! பானையைக் கொண்டாங்கப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எட்டு வீட்டு ஆட்களும் எட்டுத் திசையில் ஓடினார்கள்.

முதல் பானை மதினி வீட்டுப் பானை. மூன்று கல் கூட்டி, பாலும் தண்ணீரும் ஊற்றி வைத்தார்கள். வெயிலு வாளியோடு ஓடிப் பெட்டியின் பின்வாயில் பிடித்து ஒரு பங்குச் சூட்டை இறக்கிக்கொண்டு வந்து அடியில் ஊற்றினாள். மொட்டைமாடி உச்சிவெயில் அது. கல்லுக்கு நடுவே மஞ்சளாகத் தளும்பிக்கொண்டு நின்றது. அஞ்சு நிமிஷத்தில் பானை நுரைத்து நாலு பக்கமும் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற பெரியாண்டி உள்ளே இருந்து கத்தினான்:

"முப்பத்தொண்ணு புள்ளி எட்டு!"

என்னவென்று யோசிக்காமலே பெண்கள் அதற்கும் ஒரு குலவை போட்டார்கள்.

அம்மன் பானை பொங்கி வழிந்தாயிற்று, இனி வேண்டியவர் வேண்டியதைக் கேட்கலாம். ஏழு பானைக்காரர்களும் வாளியோடு முண்டியடித்தார்கள். வெயிலு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஒவ்வொண்ணா! ஒரே முட்டா குளிர்ந்தா அதுலயே செத்துரும். ஒரு பானை பொங்கினா அரைமணி நேரம் எல்லாரும் சும்மா இருக்கணும்."

"பசிக்கே தாயி" என்றார் நாலாவது வீட்டுக்காரர்.

"சாமியே பொறுத்துக்கிட்டு இருக்கு, உனக்கென்ன?" என்றார் அண்ணாச்சி.

சாமி உண்மையாகவே பொறுத்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அது மலையேறவே இல்லை. நிழலில் நகர்ந்து உட்கார்ந்து ரெண்டு சொம்பு மோர் குடித்துவிட்டு, ஒவ்வொரு பானையும் பொங்கும்போது மட்டும் எழுந்து ஒரு சுற்று ஆடிவிட்டு உட்கார்ந்தது. அப்படியொரு பொங்கலை அந்த ஊர் பார்த்ததில்லை. அரைமணிக்கு ஒரு பானை, பானைக்கு ஒரு குலவை, குலவைக்குப் பின்னால் பெரியாண்டியின் குரல், முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு, முப்பது புள்ளி ஆறு, முப்பது, ஒவ்வொரு எண்ணுக்கும் மறுபடி ஒரு குலவை. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏலம் என்று விசாரித்தார்கள். மிளகாய்க் கிட்டங்கிச் சூட்டில் ஐந்தாவது பானை பொங்கினபோது வளவே தும்மிற்று, அம்மன் உட்பட என்று பெரியாண்டி இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான். இருபத்தொன்பது புள்ளி நாலில் கம்ப்ரசர் உயிர் வந்து உறுமிற்று. இருபத்தெட்டு புள்ளி எட்டில் மீன்கள் கீழே இறங்கின. ஒவ்வொரு தடவையும் வெயிலு உள்ளே ஓடிப் போய்ச் சாமந்தியைப் பார்ப்பாள். அது முஷ்டியாகவே கிடந்தது.

எட்டாவது பானையும் பொங்கிற்று. "இருபத்தேழு புள்ளி ஆறு!" கடைசிக் குலவை என்று நினைத்துப் பெண்கள் நீளமாகப் போட்டுவிட்டு இலை விரிக்கப் போனார்கள். ஐந்து நிமிஷம் கழித்துப் பெரியாண்டியின் குரல் இறங்கி வந்தது. "ஏறுது. புள்ளி ஏழு. புள்ளி எட்டு."

வெயிலு பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே இன்னொரு முழுப் பங்கு இருந்தது. எட்டு வீடும் வாங்கினதுக்கு மேலாகக் குவித்த கோபுரம் எட்டும் சேர்ந்து ஒன்பதாவது பங்காக உட்கார்ந்திருந்தது. கம்ப்ரசர் மறுபடி திணறிற்று.

வெளியே வந்தாள். எட்டுப் பானையும் நிறைந்திருந்தன. இனி சூடு கேட்க ஒருத்தருக்கும் முகாந்திரம் இல்லை. வெறும் வாயால் கேட்டால் அது தங்காது என்று எல்லாருக்கும் தெரியும். வளவு அவளையே பார்த்தது. மதினி, அவிழ்ந்த கூந்தலோடு வேப்பமரத்தில் சாய்ந்திருந்தவள், ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஒன்பது வீட்டுக்கு எட்டுப் பானைதானடி இருக்கு. உன் பானை எங்க?"

"எங்கிட்ட பானை இல்லங்க."

"இல்லைன்னா?"

அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று மதினி சொல்லவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை, வந்திருந்தால் அவள் பழையபடி தப்பித்திருப்பாள். வெயிலு முற்றத்து நடுவில் நின்றாள். ஊர் ஊராகப் போய் எத்தனையோ பிரிட்ஜைத் திறந்து மூடின கை, எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை முந்தியைப் பிடித்துத் திருகிற்று. உள்ளே பெரியாண்டி, "இருபத்தெட்டு" என்றான்.

"மதினி" என்றாள். "ஒரு பானை கொடுங்க. ஒரு படி அரிசி. வெல்லம் யாருட்டயாவது இருந்தா கொடுங்க. எங்கிட்ட ஒண்ணுமில்லை. எனக்கு வேணும்."

இதைக் கேட்பதற்காகத்தானே மூன்று வருஷமாக அந்த வளவு காத்துக் கிடந்தது! எட்டுக் கதவும் ஒரே நேரத்தில் படபடவென்று திறந்தன. ஒருத்தி பானை, ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, அண்ணாச்சி மண்டை வெல்லம் மூன்று, ஆறாவது வீட்டுக்காரி இடுப்புக் குழந்தையோடு ஒரு செம்பு பால், ஒருத்தி நெய், முந்திரி கேட்கவே இல்லை, அதுவும் வந்தது. ஒரு படி கேட்ட இடத்தில் எட்டுப் படி வந்து நின்றது, எல்லாம் கோபுரமாக. மதினியே கடைசி வீட்டுக்குள் போய், ஒன்பதாவது பங்குச் சூட்டை வாளியில் இறக்கி, ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, கொடுக்காமல் நின்றாள்.

"கேளுடி."

"கொஞ்சம் சூடு கொடுங்க மதினி."

"கொஞ்சமா? பூராத்தையும் வாங்கு."

பானை பொங்கி வழிந்தபோது குலவையைக்கூட நின்று கேட்காமல் வெயிலு உள்ளே ஓடினாள். இருபத்தேழு. பெரியாண்டி சத்தம் போடாமல் விலகி நின்றான். சாமந்தி அசையவில்லை. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து உட்கார்ந்தாள். வெளியே சோற்றுக்கரண்டிச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. ஒவ்வொருவராக இலையை விட்டு எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஈரக் கையோடு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கல்லைவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்த அடிப்பாதம் மெல்ல நகர்ந்து மறுபடி கல்லைப் பற்றிற்று. ஒரு விரல் நீண்டது. அடுத்தாற்போல் இன்னொன்று. வெளிறிப்போய், அடையாளம் தெரியாமல் மெலிந்து, ஆனாலும் ஒவ்வொன்றாக எல்லா விரலும் விரிந்து தண்ணீரில் ஆட ஆரம்பித்தன. பெரிய மீன் ஒரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு, உள்ளே புகுந்து, வாலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்தது.

"ஆடுது" என்றாள் ராசகனி மதினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நடுங்கலை. ஆடுது."

வெயிலு எழுந்து திரும்பினாள். வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, தன் ஆயுசில் முதல் தடவையாக ஒரு குலவை போட்டாள். அது குலவையாகவா வந்தது, காஸ்கட் போன குக்கர் மாதிரிப் புஸ்ஸென்று வந்தது. வளவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்ததும் மதினி அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, நாக்கை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள்.